தள்ளி விழுந்த நிழல்கள்

திரையில் காளைக் கூட்டம் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடிவந்தது. நிழல்களும் ஓடிவந்தன. ஆனால் காளைகளின் காலடியில் இல்லை. நாலு முழம் தள்ளி, வெறும் தரையில், தனிக் கூட்டமாக ஓடிவந்தன.

சோலை கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"மாடு ஒரு பாதையில போகுது, நிழல் ஒரு பாதையில போகுது. என்னம்மா மீனா இது?"

"நம்ம மிஷின்ல சரியாத்தானேண்ணே இருந்துச்சு?" என்றாள் முத்துமீனா.

"நம்ம மிஷின்ல இருந்து என்ன பண்ண? ஐதராபாத் சினிமாக் கம்பெனியில திறந்தா இப்படித்தான் தெரியுதாம். அவங்க திரையையே போன்ல படம் பிடிச்சு அனுப்பியிருக்காங்க. நாலு மணிக்கு டைரக்டர் வந்து பாக்குறாராம்."

முத்துமீனாவுக்குப் பின்னால் ஒரு நாற்காலி மெல்ல நகர்ந்தது. திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது, அழகுபாண்டி.

காளவாசல் சிக்னலை ஒட்டி, கீழே பேட்டரிக் கடையும் முதல் மாடியில் டியூஷன் சென்டரும் இருக்கிற கட்டடத்தின் உச்சியில்தான் சோலையின் ஸ்டுடியோ. கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த மனிதர், இன்று சினிமாக்காரர்களுக்குக் கம்ப்யூட்டரில் காளையும் வெள்ளமும் தீயும் செய்து கொடுக்கிறார். அவரிடம் முதலில் வேலைக்குச் சேர்ந்தவள் முத்துமீனா. உசிலம்பட்டியில் வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த கணவனின் தம்பி அழகுபாண்டியைக் கூட்டிவந்து இங்கே உட்கார வைத்தவளும் அவள்தான்.

அதற்கு அவளுக்குக் கிடைத்த பலனை நீங்கள் போன வாரப் பகுதியிலேயே பார்த்தீர்கள். ஒரு மாதத்துக்கு முன் நடந்த, அழகுபாண்டியின் மனைவி பாண்டீஸ்வரியின் வளைகாப்பில், முதல் வளையல் போட வேண்டிய மூத்த ஓரகத்தியைக் காணோம். "எங்கப்பா மூத்தவ?" என்று சபையில் நாலு பேர் கேட்டார்கள். பாண்டீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். அன்றோடு அவள் முத்துமீனாவிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். அழகுபாண்டி பெண்டாட்டி பக்கத்தில் இருக்கட்டும் என்று அவன் வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டு முத்துமீனா இதே மாடியில் கிடந்த சங்கதி அவனுக்குத் தெரியும். அவன் வாய் திறக்கவில்லை. அவளும் சொல்லிக் காட்டவில்லை.

"மதினி, தப்பு என்னுதுதான்" என்றான் அழகுபாண்டி இப்போது.

"என்ன பண்ணுன?"

"ஃபைலெல்லாம் கனமா இருந்துச்சு. லைன்ல ஏற மாட்டேன்னுச்சு. காளை நிக்கிறது படத்துல ஒரு மூலைதானே, மீதி பூரா வெத்து இடம். அதான் ஓரத்தை வெட்டிவிட்டேன்."

"வெட்டச் சொன்னதே அவங்கதானே? எப்படி வெட்டுன?"

"ஒரு ஃபைலுக்குள்ள அம்புட்டும் தனித்தனிப் பாகமா இருக்குல்ல மதினி. காளை ஒரு பாகம், நிழல் ஒரு பாகம், தூரம் ஒரு பாகம், மாட்டைத் தனித்தனியாப் பிரிக்கிற மாஸ்க் ஒரு பாகம். ஒவ்வொண்ணையும் அதுக்குத் தேவையான அளவுக்கு வெட்டச் சொல்லி கம்ப்யூட்டருக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓடவிட்டேன். ரொம்பச் சின்னதாயிருச்சு."

முத்துமீனா கண்ணை மூடித் திறந்தாள். "வெட்டாத ஃபைல் இருக்கா?"

அவன் உதட்டை நனைத்துக்கொண்டான். "டிஸ்க் நிறைஞ்சிருச்சு. அழிச்சுட்டேன்."

சோலை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். காளைகளை மறுபடி முதலிலிருந்து கம்ப்யூட்டரில் சமைத்து எடுக்க ரெண்டு நாள் ஆகும். அது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

"இந்த ஷாட்டு திருப்தியா இருந்தாத்தான் கடைசிச் சண்டை முழுசும் நமக்குன்னு சொல்லியிருக்காங்க" என்றார் சோலை. குரலில் கோபம் இல்லை. அதுதான் அழகுபாண்டிக்குப் பயமாக இருந்தது. "இல்லேன்னா மாடியைக் காலி பண்ணிட்டு நான் பழையபடி மண்டபத்துல லைட்டப் பிடிச்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதான். எனக்குப் பழக்கம். நம்மகிட்ட வேலை பாக்குற பிள்ளைக எங்க போகும்?"

அப்போதுதான் அழகுபாண்டியின் செல்போன் மேசை மேல் அதிர்ந்தது.

மாமியார் ஒச்சம்மாள். எடுத்துக் காதில் வைத்தவன் முகம் சட்டென்று மாறியது.

"எப்ப இருந்து?... இல்லத்தை, அடுத்த வாரம்ல சொன்னாக... சரி... சரி..."

"என்னப்பா?"

"பாண்டீசுக்கு வலி வந்துருச்சு மதினி. பிரஷர் வேற கூடுதலா இருக்காம். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில சேத்துட்டாக."

"கெளம்பு."

அவன் திரையைப் பார்த்தான், சோலையைப் பார்த்தான். "இதைக் கெடுத்தவன் நான். இப்படியே விட்டுட்டு எப்படிப் போக?"

"நீ இங்கன உக்காந்து என்ன செய்யப்போற? அங்க போய் அவ கையப் பிடிச்சுக்க. இதை நான் பாத்துக்கிறேன்."

"அவ கேப்பா மதினி, ஏன் லேட்டுன்னு. உங்களைத்தான் சொல்லுவா."

"சொல்லிட்டுப் போறா. பிள்ளை பெத்துக்கப் போறவளுக்கு யாரையாவது திட்டத் தோணும். போடா!"

எட்டு வருஷத்தில் அவள் அவனை 'டா' போட்டது அதுவே முதல் முறை. அழகுபாண்டி படியில் தடதடவென்று இறங்கி ஓடினான். கீழே தேனி ரோட்டில் உசிலம்பட்டி பஸ் ஒன்று சிக்னலுக்கு நின்றிருந்தது. ஓடிப்போய் ஏறுவது மாடி ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

சோலை கேட்டார், "பாத்துக்கிறேன்னு சொல்லிட்ட. பாக்க முடியுமா?"

"முடியும்னுதாண்ணே நெனைக்கிறேன்."

"எனக்குப் புரியிற மாதிரி ஒருக்கா சொல்லு."

முத்துமீனா அவர் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள்.

"கல்யாண ஆல்பம்னு வச்சுக்கங்க. ஒரே போட்டோவுல இருந்து பொண்ணத் தனியா, மாப்பிள்ளையத் தனியா, மாலையத் தனியா வெட்டியாச்சு. ஒவ்வொரு துண்டுக்கும் பின்னாடி, 'இது பெரிய படத்துல இந்த இடத்துல ஒட்டணும்'னு எழுதியிருக்கு. நம்ம சாஃப்ட்வேர் ஒவ்வொரு துண்டையும் திருப்பிப் பாத்து ஒட்டுது. அவங்க சாஃப்ட்வேர் முதல் துண்டை மட்டும் திருப்பிப் பாக்குது. மத்ததும் அதே இடம்தான்னு நெனைச்சு ஒட்டிருது."

"அதான் நிழல் தள்ளிப்போச்சா!"

"ஆமாண்ணே. அழிஞ்சது வெறும் வெத்து ஓரம். எந்தத் துண்டு எங்க இருந்துச்சுங்கிற விவரம் ஃபைலுக்குள்ளயே பத்திரமா இருக்கு. அதை வச்சுத் திருப்பி அடுக்கிரலாம். பொண்ணு, மாப்பிள்ளை, மாலை எல்லாத்தையும் சேத்து மூடுற மாதிரி ஒரே ஒரு பெட்டி. எல்லாப் பாகத்துக்கும் அந்த ஒரே அளவு. எந்த சாஃப்ட்வேர் முதல் துண்டை மட்டும் பாத்தாலும் தப்பாகாது."

"கனம் கூடாதா?"

"கொஞ்சம் கூடும். முழுப் படத்துக்கு எவ்வளவோ தேவலை."

சோலைக்கு முகம் தெளிந்தது. "அப்ப ஆரம்பி. டீ சொல்றேன்."

அழகுபாண்டியின் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். சர்வரில் பாதிதான் இருந்தது. மீதி ஃபைல்கள் அவன் கம்ப்யூட்டரிலேயே இருந்தன. விசையைத் தட்டினாள். திரை விழித்தது, பாஸ்வேர்டு கேட்டது.

செல்போனில் அழைத்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. காலையிலேயே சார்ஜ் இல்லை என்று வயரைத் தேடிக்கொண்டிருந்தான்.

மறுபடி அழைத்தாள். அதேதான்.

உசிலம்பட்டி போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே போய் அவன் சார்ஜுக்கு அலைவானா, பெண்டாட்டியைப் பார்ப்பானா? வேறு வழி இருந்தது. அந்த வழிதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

பாண்டீஸ்வரியின் எண்ணைத் தொட்டாள். எடுத்தது ஒச்சம்மாள்.

"சின்னம்மா, நான் மீனா பேசுறேன். பாண்டீசு எப்படி இருக்கா?"

"துடிக்கிறா ஆத்தா. இன்னும் ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல உள்ள கூட்டிட்டுப் போறோம்னு சொல்லிட்டுப் போனாக. மாப்பிள்ளை வாராரா?"

"பஸ்ஸேறிட்டான் சின்னம்மா. வந்துருவான். அவகிட்ட ஒரு நிமிஷம் குடுக்கிறீகளா? ரொம்ப அவசரம்."

"இந்த நேரத்துலயா?"

அந்தப் பக்கம் ஏதோ முணுமுணுப்பு. பிறகு, மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு மாதமாகப் பேசாத வாய்.

"பாண்டீசு..."

"அவுக எங்க?"

"பஸ்ல வாரான்மா. அனுப்பிட்டேன். செல்போன்ல சார்ஜ் இல்ல. இங்க ஒரு சிக்கலு. அவன் கம்ப்யூட்டர் பூட்டிக் கெடக்கு. பாஸ்வேர்டு உனக்குத் தெரியுமா?"

மறுபடி மூச்சு வாங்கும் சத்தம். அதில் கோபம் இருக்கிறதா வலி இருக்கிறதா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"தெரியும்" என்றாள் பாண்டீஸ்வரி. "ஆனா யாருகிட்டயும் சொல்ல மாட்டோம்னு சத்தியம் பண்ணியிருக்கோம்."

"பாஸ்வேர்டுக்கா சத்தியம்?"

"அது பாஸ்வேர்டு இல்லக்கா. பிள்ளைக்கு நாங்க வச்சிருக்கிற பேரு."

முத்துமீனா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"நான் வேணா வேற வழி..."

"இருங்க, இருங்க... அம்மா!" வலி வந்து போகும்வரை வெறும் மூச்சு. பிறகு, "வளைகாப்புக்கு வராததுக்கு உங்ககிட்டச் சண்டை இருக்கு. அதை அப்புறம் போட்டுக்கிறேன். இப்பச் சொல்றேன், அடிச்சுக்கங்க. செங்காந்தள்."

"செங்காந்தள்..." முத்துமீனா மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "அழகா இருக்குமா. முதல்ல எஸ்ஸா, சியா?"

"எஸ்."

"கா-வுக்கு ஜியா, கேயா?"

"கே... இல்ல, ஜி! எனக்கு வலிக்கிதுக்கா, என்னப் போயி ஸ்பெல்லிங் கேக்குறீகளே!"

ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பின் நடுவிலேயே அவள் முனகினாள். "கா-வுல ரெண்டு ஏ போடணும்."

"பையன் பிறந்தா என்ன பண்ணுவ?"

"பையன்னு நாங்க நெனைக்கவே இல்ல."

திரை திறந்தது.

"திறந்துருச்சு பாண்டீசு. தைரியமா போ. எல்லாம் நல்லபடியா நடக்கும்."

"அக்கா" என்றாள் அவள், செல்போனைக் கொடுப்பதற்கு முன்னால். "அவுக வந்துருவாகல்ல?"

"வந்துருவான். நான் அனுப்பிட்டேன்ல."

அதற்குப் பிறகு முத்துமீனா யாரிடமும் பேசவில்லை. ஸ்கிரிப்டை எழுதினாள். ஒவ்வொரு ஃபைலையும் திற. பாகங்கள் எங்கெங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று பார். எல்லாவற்றையும் அடக்குகிற ஒரு பெட்டியைக் கண்டுபிடி. ஒவ்வொரு பாகத்தையும் அதனதன் இடத்தில் வைத்து, மீதியை வெறுமையால் நிரப்பு. முழுப் படத்தின் சட்டத்தை மட்டும் தொடாதே. புது ஃபைலைத் தனியிடத்தில் சேமி. அழகுபாண்டியின் ஃபைல்கள் மேல் கை வைக்கவில்லை. ஒன்றை அழித்துவிட்டுப் பட்டது போதும்.

ஓட விட்டாள். மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில், ஐதராபாத்காரர்கள் வைத்திருக்கிற அதே சாஃப்ட்வேரின் இலவசப் பதிப்பு ஒன்று இருந்தது. அதில் திறந்தாள்.

காளைகள் ஓடிவந்தன. நிழல்கள் அவற்றின் வயிற்றுக்குக் கீழே சரியாக ஒட்டிக்கொண்டு ஓடிவந்தன.

"ஆத்தாடி!" என்று கத்தினார் சோலை. "அனுப்பு, அனுப்பு!"

"இருங்கண்ணே."

"இன்னும் என்ன? நேரம் ஆகுது."

அவள் மாஸ்க் இருக்கும் பாகத்தைத் திறந்தாள். முன்னால் ஓடுகிற கறுப்புக் காளையை மட்டும் தனியாகப் பிடித்து நிறம் மாற்ற வேண்டும் என்றால், அந்தக் காளையின் பெயரைச் சொன்னால் போதும், அது மட்டும் கைக்கு வரும். அப்படித்தான் அந்த மாஸ்க் செய்யப்பட்டிருந்தது. பெயரைத் தட்டினாள். ஒன்றும் வரவில்லை. படம் இருந்தது. காளைகளின் பெயர்கள் இல்லை.

"படத்த மட்டும் புதுப் பெட்டிக்கு மாத்திட்டேண்ணே. பழைய ஃபைலோட தலைப்புல இருந்த விவரத்தை எடுத்து வைக்கல. டைரக்டர், 'அந்தக் கறுப்பு மாட்டைக் கொஞ்சம் செவலையாக்குங்க'ன்னு சொன்னா, அவங்க கையில ஒண்ணும் இருக்காது."

சோலை கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்ததை அவள் பார்த்துவிடக்கூடாது என்று சட்டென்று திரும்பி ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அந்த மனுஷர் அப்படித்தான். ஸ்டுடியோ கவிழும் நேரத்திலும் வேலை செய்கிறவளின் முதுகில் ஏறி உட்கார மாட்டார். அதற்காகவே முத்துமீனா அவருக்கு என்றைக்கும் கடமைப்பட்டிருந்தாள்.

விட்டுப்போன விவரங்களையும் பாகம் பாகமாகப் புது ஃபைலுக்குக் கொண்டுவரும்படி ஸ்கிரிப்டைத் திருத்தினாள். மறுபடி ஓட விட்டாள். தங்கள் சாஃப்ட்வேரில் திறந்தாள். பழைய கம்ப்யூட்டரில் திறந்தாள். நிறம் திருத்துபவர் பயன்படுத்தும் மூன்றாவது ஒன்றிலும் திறந்தாள். மூன்றிலும் ஒரே மாதிரி ஓடியது. கறுப்புக் காளையின் பெயரைத் தட்டியதும் அது மட்டும் தனியாக ஒளிர்ந்தது.

"இப்ப அனுப்பலாம்ணே."

கூடவே, என்ன நடந்தது, எப்படிச் சரி செய்தோம், இனி எப்படி வெட்ட வேண்டும் என்று நாலு வரி எழுதி வைத்தாள். அதில் அழகுபாண்டியின் பெயர் இல்லை. 'எங்கள் பக்கத்துத் தவறு' என்று மட்டும் இருந்தது.

ஐதராபாத்திலிருந்து அழைப்பு வந்தபோது சோலை செல்போனை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பேசியது அங்கே மேற்பார்வை பார்க்கிற அம்மா. சென்னையில் படித்தவர், தமிழ் நன்றாக வரும்.

"நிழல் எல்லாம் சரியா உக்காந்திருக்கு சார். மாஸ்க்கும் கிடைக்குது. டைரக்டர் பாத்துட்டு இருக்கார். ரொம்ப தேங்க்ஸ். நாங்க நம்பிக்கைய விட்டுட்டோம்."

சோலை தலையைத் தலையை ஆட்டினார், அவர்கள் கண்ணுக்குத் தெரியும் என்பதுபோல. பிறகு முத்துமீனாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்னண்ணே இது, பெரியவுக நீங்க..."

"பேசாம இரு. கீழ போ. உசிலம்பட்டிக்குப் பஸ்ஸேறு. நாளைக்கு உன்னை இந்தப் பக்கம் பாத்தேன், கதவைத் திறக்க மாட்டேன்."

காளவாசலில் வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. உசிலம்பட்டி பஸ் வந்து நின்றது. ஏறியவள் டிரைவர் சீட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். முத்திருளன்! அவள் கணவன்.

"இன்னைக்கு உங்களுக்கு இந்த டிரிப்பா?"

"மாத்திக் கேட்டு வாங்குனேன்" என்றான் அவன், கண்ணாடியில் பார்த்தபடி. மீசைக்குக் கீழே சிரிப்பை அடக்க முடியவில்லை. "உனக்குச் சேதி தெரியாதா? அரப்பாளையத்துல வண்டி நின்னப்ப அம்மா போன் பண்ணுச்சு. பொம்பளப் பிள்ளை!"

"பாண்டீசு?"

"ரெண்டு பேரும் நல்லாருக்காக. பிரஷரும் இறங்கிருச்சாம். தம்பி நேரத்துக்குப் போய்ச் சேந்துட்டான். அவன் கையப் பிடிச்சுக்கிட்டேதான் உள்ள போனாளாம்."

முத்துமீனா கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். கண்ணில் நீர் நிறைந்தது. துடைக்கத் தோன்றவில்லை. கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, "டிரைவர் அண்ணே பெரியப்பா ஆயிட்டாருங்கோ!" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். பின்சீட்டில் கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, "மிட்டாய் எங்கப்பா?" என்று கேட்டாள். நாகமலைப் புதுக்கோட்டை தாண்டும்வரை அந்தப் பேச்சுதான் ஓடியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அழகுபாண்டி ஓடிவந்தான். பேச வந்தவனை அவள் முந்திக்கொண்டாள்.

"போயிருச்சு. சரியாப் போயிருச்சு. ஃபைலப் பத்தி இன்னைக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"மதினி..." அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

உள்ளே, கட்டிலுக்குப் பக்கத்தில் முத்துமீனாவின் மாமியார் சின்னத்தாய் முறைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கையில் சின்னக் கிண்ணத்தில் சீனித் தண்ணீர். பிறந்த பிள்ளைக்கு யார் சேனை தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. நர்ஸ் வந்து, தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"நாலு பிள்ளைக்கு வச்சவ நான். என்ன கெட்டுப்போச்சு?" என்று பொருமினாள் சின்னத்தாய். "சரி விடு, பேராவது நம்ம குலசாமி ஒச்சாண்டம்மா பேரா வச்சிருவோம்."

முத்துமீனா பாண்டீஸ்வரியைப் பார்த்தாள். பாண்டீஸ்வரி முத்துமீனாவைப் பார்த்தாள். ரெண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

"அக்கா, கிட்ட வாங்க" என்றாள் பாண்டீஸ்வரி. களைத்துப்போன குரல். முத்துமீனா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அவுக எல்லாத்தையும் சொன்னாக. தான் கெடுத்ததை நீங்க உக்காந்து சரி பண்ணுறீகன்னு. உங்களுக்கு என் மேல கோவமே இல்லையா? ஒரு மாசமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுக் கெடந்தேன்."

"அதுக்கென்ன இப்ப?"

"ஒண்ணு கேக்கவா? வளைகாப்பு அன்னைக்கு அவுக காலையில இருந்தே எங்கூட இருந்தாக. அன்னைக்கும் வேலை இருந்துச்சுன்னு சொன்னாகல்ல. அதை யாருக்கா பாத்தது?"

முத்துமீனா குழந்தையின் விரலைத் தொட்டாள். வாசலில் நின்ற அழகுபாண்டி தலையைக் குனிந்துகொண்டான். பாண்டீஸ்வரி அவனைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள். அவளுக்கு வேறு பதில் தேவைப்படவில்லை.

"அத்தை" என்று மாமியாரைக் கூப்பிட்டாள். "சேனை வைக்கக் கூடாதுன்னா போகட்டும். பிள்ளையை இன்னும் நம்ம வீட்டாளுக யாரும் தூக்கலல்ல? முதல்ல அக்கா தூக்கட்டும். அக்கா குணம் வரட்டும்."

சின்னத்தாய் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மூத்த மருமகளைப் பார்த்தாள்.

"வரட்டும்" என்றாள். "அதுக்கு மேல என்ன வேணும் இந்த வீட்டுக்கு."

முத்துமீனா குழந்தையை வாங்கினாள். கதகதப்பாக, ஒரு மல்லிகைப்பூப் பொட்டலத்தின் கனம்கூட இல்லாதது மாதிரி இருந்தது. எத்தனை பேர் சேர்ந்து இந்த ஒரு நாளைக் கரையேற்றியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். திட்டாத சோலை அண்ணன், வலிக்கு நடுவிலும் பேசிய பாண்டீசு, டிரிப்பை மாற்றிக் கேட்டு வாங்கிவந்த மனுஷன்.

செல்போன் அதிர்ந்தது. குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தாள்.

"மீனா, உக்காந்துக்கிட்டுக் கேளு" என்றார் சோலை. "கடைசிச் சண்டை நமக்குத்தான். அது ஒண்ணு. ஐதராபாத் அம்மா மறுபடி கூப்பிட்டாங்க. அவங்களுக்கு வேலை செய்யிற ஸ்டுடியோ எத்தனையோ ஊருல இருக்காம். எல்லாரும் ஆளுக்கு ஒரு விதமா வெட்டி அனுப்புறாங்களாம். நீ எழுதியனுப்பின நாலு வரியப் படிச்சுட்டு, இந்தப் பொண்ணு இங்க வந்து எல்லாருக்கும் ஒரே வழிய அமைச்சுக் குடுக்கட்டும், படம் முடியிற வரைக்கும் எங்களோட இருக்கட்டும்னு கேக்குறாங்க. ஒரு வருஷம் ஆகும். எனக்கு உன்னை அனுப்ப மனசில்ல. ஆனா அனுப்பாம வச்சுக்க எனக்கு உரிமை இல்ல."

"அண்ணே..."

"திங்கக்கிழமை பதில் சொல்லணுமாம். வீட்டுல கலந்துக்க."

முத்துமீனா செல்போனை இறக்கிவிட்டுத் திரும்பினாள். மாடிப்படியோரம் முத்திருளன் காக்கிச் சட்டையோடு நின்றிருந்தான். வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு ஓட்டமாக வந்திருந்தான் போல, மூச்சு வாங்கியது. ஆனால் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"ஏய் மீனா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நானும் ஒண்ணு சொல்லணும்."

"நான் முதல்ல சொல்லிர்றேன். பஸ்ல வச்சே சொல்லியிருப்பேன், உன் முகத்தைப் பாத்துக்கிட்டே சொல்லணும்னு அடக்கிக்கிட்டேன்." அவன் அவள் ரெண்டு தோளையும் பிடித்துக்கொண்டான். "மாத்தல் கிடைச்சிருச்சு! உசிலம்பட்டி டிப்போ. எத்தனை தடவ எழுதிப் போட்டேன்! இனி காளவாசல்ல அந்தப் பொட்டி வீட்டு வாடகை வேணாம். நம்ம வீட்டுல, அம்மாகூட, இந்தப் பிள்ளை வளர்றதப் பாத்துக்கிட்டு இங்கனயே இருந்துரலாம். நீ ஒருத்தி வேலைக்கு நம்ம வண்டியிலயே போய் வா. என்ன சொல்ற?"

அவன் இத்தனை சந்தோஷமாக இருந்து அவள் பார்த்ததே இல்லை.

உள்ளேயிருந்து குழந்தை உரக்க அழுதது. அழகுபாண்டி ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

"சரி, நீ என்னமோ சொல்ல வந்தியே?" என்றான் முத்திருளன்.

முத்துமீனா அவன் சட்டையில் கழன்றிருந்த பொத்தானை மாட்டிவிட்டாள். மாட்டி முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை.